கொல்லிமலைச் சரிவில் சாமை எது, மரவள்ளி எது? விண்ணிலிருந்து பார்க்கும் வழி

கொல்லிமலையில் பெய்யும் மழை ஒரே பக்கம் வடிவதில்லை. அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு, ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, திருச்சி மாவட்டத்தின் வழியாகக் காவிரியை நோக்கிப் போகிறது. வடக்கே வடியும் தண்ணீர் சுவேத நதியாகித் தம்மம்பட்டியைத் தொட்டு வெள்ளாற்று வடிநிலத்தில் சேர்கிறது. மலைமேல், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், ஒரு குடும்பம் தன் மேட்டுக்காட்டில் எந்தப் பயிரை வைக்கிறது என்பது கீழே ஓடையில் எவ்வளவு வண்டல் வருகிறது, மழை நின்ற பிறகு எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்பதையெல்லாம் தொடுகிறது. நீர்வடிப்பகுதி என்று அரசு ஆவணங்கள் சொல்வது இந்தத் தொடர்பைத்தான். ஒரே ஓடைக்கு வந்து சேரும் நிலம் முழுவதும் ஒரே கணக்கு.

மலையில் பதினான்கு நாடுகள் உண்டு. இன்று ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சி. அதில் ஒன்று தேவனூர் நாடு. இந்த நாடுகளில் நிலம் மூன்று வகையாகக் கிடக்கிறது. ஓடையோரப் பள்ளங்களில் நெல் வயல். அதற்கு மேலே சரிவில் மானாவாரி மேட்டுக்காடு. அதையும் தாண்டிக் காடு. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பெரிதாக மாறியிருப்பது நடுவில் உள்ள மேட்டுக்காடு. அங்கே சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு என்று வீட்டுச் சாப்பாட்டுக்கான தானியங்கள் விளைந்தன. வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று சாமையிலேயே பல ரகங்களை மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். அந்த இடத்தில் பெருமளவு மரவள்ளி வந்துவிட்டது. மலைக்குக் கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்கின்றன. ரேஷனில் அரிசி கிடைக்கிறது. சாமையை உரலில் குத்தி அரிசியாக்கும் வேலையோ பெண்களின் முதுகை ஒடிப்பது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மாற்றத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்க உழைத்து வருகிறது. ஊருக்குள்ளேயே சாமை அரைக்கும் சிறிய எந்திரங்களை வைத்தது அதில் ஒரு பகுதி. இன்னொரு பக்கம் காபியும் மிளகும், மிளகுக் கொடி ஏற சில்வர் ஓக் மரமும் பரவின.

இது எங்கே, எவ்வளவு, எப்போது நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் புல எண் வாரியாகப் பயிர் எழுதப்படுகிறது. அது பயனுள்ள பதிவு. ஆனால் நாடு நாடாக எழுதப்படும் அந்தக் கணக்கிலிருந்து, ஒரு குறிப்பிட்ட ஓடையின் தலைமாட்டில் 1990-இல் என்ன இருந்தது என்று எடுப்பது எளிதல்ல. ஓடை ஊராட்சி எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை அல்லவா? செயற்கைக்கோள் படம் இங்கேதான் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச்சில் போனது. ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசையில் முதலாவது 2015 ஜூனில். ஆக, அரை நூற்றாண்டுக்கு மேலான படங்கள் சேமிப்பில் இருக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம், சென்டினலும் இலவசம்.

செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது முதல் வேலை. அது பயிரைப் பார்ப்பதில்லை. தரையில் பட்டுத் திரும்பும் வெயிலை அலைவரிசை அலைவரிசையாகப் பிரித்து அளக்கிறது, அவ்வளவுதான். பச்சை இலை சிவப்பு ஒளியை உணவு தயாரிக்க உறிஞ்சிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை வைத்துத்தான் தாவரக் குறியீடு கணக்கிடுகிறார்கள். அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அடர்ந்த மரத்தோப்பு சிவப்பில் 4 விழுக்காடும் அகச்சிவப்பில் 40 விழுக்காடும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 44-ஆல் வகுத்தால் 0.82. உழுது போட்ட செம்மண் சிவப்பில் 20, அகச்சிவப்பில் 26 என்றால், 6-ஐ 46-ஆல் வகுக்க 0.13 வரும். எண் பெரிதானால் பச்சை அடர்த்தி, சிறிதானால் வெறும் தரை. ஆய்வறிக்கைகளில் காடெல்லாம் ரத்தச் சிவப்பாக இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அகச்சிவப்பைக் கண்ணுக்குக் காட்டச் சிவப்பு நிறம் பூசியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

அடுத்து, எவ்வளவு சிறிய இடம் வரை தெரியும்? படம் சிறு சிறு சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்துக்கு, அதாவது ஒரு பிக்சலுக்கு, ஒரே ஒரு மதிப்புதான். 1972-இன் லேண்ட்சாட்டில் ஒரு சதுரம் ஏறத்தாழ 80 மீட்டருக்கு 80 மீட்டர். நம் அளவில் ஒன்றரை ஏக்கருக்கு மேல். 1980-களில் வந்த 30 மீட்டர் லேண்ட்சாட்டில் அது சுமார் 22 சென்ட். இந்தியாவின் லிஸ்-3 கருவியில் பதினான்கு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சென்டினல்-2-இல் இரண்டரை சென்ட். இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளில் உள்ள லிஸ்-4 கருவியில் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெட்டிய நிலத்துண்டுகள் பல பத்து இருபது சென்ட்டுக்குள் அடங்கிவிடும். அப்படியானால் 22 சென்ட் சதுரம் ஒன்றில் பாதி மரவள்ளி, கால்வாசி வரப்பும் புல்லும், ஓரத்தில் இரண்டு பலா மரம் எல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிடும். கணினி அதற்கு ஏதாவது ஒரு பெயரைச் சூட்டியே தீரும். 1970-களின் படத்தை வைத்துக்கொண்டு தேவனூர் நாட்டில் சாமை இத்தனை ஏக்கர் என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். காடு எதுவரை இருந்தது என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன்.

ஓடைக்கு எந்த நிலம் வடிகிறது என்ற எல்லையைக் கண்டுபிடிக்க உயரத் தரவு வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினோரு நாள் பறந்து, ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. 2005-இல் ஏவிய கார்ட்டோசாட்-1 கொண்டு இந்தியாவும் தன் உயர வரைபடத்தை உருவாக்கியது. ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் தண்ணீர் சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களில் எதற்கு இறங்கும் என்று கணினி பார்க்கும். அதைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால் ஓடைகளும் அவற்றின் வடிப்பகுதிகளும் தாமாகவே துலங்கும். மலையில் இது நன்றாக வேலை செய்யும், சமவெளியில்தான் தடுமாறும். இந்த எல்லைக்குள் நிலப்பயன்பாட்டு வரைபடத்தைப் பொருத்திவிட்டால், ஐயாற்றின் ஒரு கிளை ஓடைக்கு வடியும் நிலத்தில் காடு எவ்வளவு, வயல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

வரைபடம் போடும் வழி கேட்பதற்கு எளிது. தெரிந்த இடங்கள் சிலவற்றைக் காட்டி, இது காபித் தோட்டம், இது நெல் வயல், இது காடு என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது அந்த இடங்களின் அலைவரிசை மதிப்புகளைப் பார்த்துவிட்டு, அதே சாயலில் உள்ள மற்றச் சதுரங்களுக்கும் அந்தப் பெயரை வைக்கிறது. பழைய ஆண்டுக்கு ஒன்று, புதிய ஆண்டுக்கு ஒன்று என்று இரண்டு வரைபடம் போட்டுப் பக்கத்தில் வைத்தால், எது எதுவாக மாறியது என்று வந்துவிடும். கொல்லிமலைக்கு இந்த முறை புதிதல்ல. திருச்சி புனித வளனார் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியத்தைச் சேர்ந்த ஜெயக்குமார், ஆரோக்கியசாமி, பிரிட்டோ ஆகியோர் 2002-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கொல்லிமலைக் காடுகளைத் தொலையுணர்வு கொண்டு ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். செடிகளை இலை இலையாகப் பார்த்துப் பாடம் செய்து வைக்கும் இடத்திலிருந்து அந்த வேலை வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விண்ணிலிருந்து வரும் நிறத்துக்குப் பெயர் வைக்க, தரையில் மரத்தைத் தெரிந்தவர் வேண்டும்.

கொல்லிமலையில் தவறு நுழையும் வாசல்கள் பல. முதலாவது மலை நிழல். இந்தச் செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரை மணிக்கு நம் தலைக்கு மேல் கடக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கே தாழ்வாக இருக்கும். வடமேற்கைப் பார்த்த செங்குத்துச் சரிவுகள் இருண்டு கிடக்கும். கணினி அந்த இருட்டை அடர்காடு என்றோ தண்ணீர் என்றோ எண்ணிவிடும். உயரத் தரவைக் கொண்டு வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், அல்லது அந்தப் பகுதியைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடலாம். எதையும் செய்யாமல் விடுவதுதான் கூடாது.

இரண்டாவது மாதம். மேகமில்லாத படம் கிடைப்பது பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை. அதே காலத்தில் மலையின் கீழ்ச்சரிவில் உள்ள இலையுதிர் காடு இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். ஒரு டிசம்பர் படத்தையும் இன்னொரு மார்ச் படத்தையும் ஒப்பிட்டால், யாரும் ஒரு மரத்தைக் கூட வெட்டாமலேயே பெரிய காடழிப்பு நடந்ததாக வரைபடம் காட்டும். ஒரே மாதத்துப் படங்களை எடுத்தாலும் மழை இருக்கிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட அறுபது விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2021-இல் அதே பருவமழை இயல்பைத் தாண்டி மிக அதிகமாகப் பெய்தது. 2017 பிப்ரவரியையும் 2022 பிப்ரவரியையும் பக்கத்தில் வைத்தால் மலையே பச்சைப் பசேலென்று மீண்டுவிட்டதுபோலத் தெரியும். நடுவில் ஒரு நீர்வடிப்பகுதித் திட்டம் நடந்திருந்தால் பாராட்டெல்லாம் அதற்குப் போய்ச் சேரும். 2009-இல் தொடங்கி, பிறகு பிரதமரின் பாசனத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டத்தின் பணிகளை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் 'புவன்' தளத்தில் படம் பார்த்துக் கண்காணிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தப் படங்களோடு அந்தந்த ஆண்டின் மழையளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது நியாயமான மதிப்பீடாகும்.

மூன்றாவது வாசல் இந்த மலைக்கே உரியது, என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரியது. நிழல் மரத்துக்குக் கீழே காபி வளர்கிறது, சில்வர் ஓக்கில் மிளகு ஏறுகிறது. மேலிருந்து பார்த்தால் தெரிவது மர உச்சிகள் மட்டுமே. இயற்கையான சோலையும் தோட்டமும் பல இடங்களில் ஒன்றுபோலத் தெரியும். இதில் ஒரு நிர்வாகச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் ஒரு எக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், நிலம் யாருடையது, மரம் எந்த வகை என்று பாராமல் வனப்பரப்பில் சேர்க்கிறது. தோப்பும் தோட்டமும் அதில் அடக்கம். அந்த வரையறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவர்கள் அறிக்கையைப் படிப்பவருக்குக் குழப்பமில்லை. தெரியாமல் படிப்பவர், சோலை தோட்டமான இடத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

சாமைக்கும் மரவள்ளிக்கும் இடையிலும் இதே சிக்கல். மாசி மாதத்து ஒற்றைப் படத்தில் அறுவடை முடிந்த சாமைக் காடும், கிழங்கு பிடுங்கிய மரவள்ளிக் காடும் ஒரே செம்மண். ஆவணியில் இரண்டுமே பச்சை. வித்தியாசம் இருப்பது ஆண்டின் ஓட்டத்தில். மழையோடு விதைக்கும் சாமையின் பச்சை சில மாதங்களில் உச்சத்தைத் தொட்டு, கதிர் முற்ற முற்றக் காய்ந்து இறங்கிவிடும். மரவள்ளி மெதுவாக ஏறும், ஆனால் பத்து மாதத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும். ஆகவே ஒரு சதுரத்தின் தாவரக் குறியீட்டை ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும் சென்டினல் படங்களில் தொடர்ந்து எடுத்துக் கோடாக வரைந்தால், கார்த்திகை வாக்கில் சாமைக் கோடு கீழே விழுந்திருக்கும், மரவள்ளிக் கோடு மேலேயே நிற்கும். பயிரைப் பிரிக்கும் துப்பு அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. இடைஞ்சல், ஆடி முதல் கார்த்திகை வரை மலை மேகத்துக்குள் இருப்பது. அந்த மாதங்களுக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் உதவும். 2014 முதல் பறக்கும் சென்டினல்-1 அந்த வகை. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசார், பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

இவ்வளவு பார்த்துப் போட்ட வரைபடமும் முழுக்கச் சரியாக இருக்காது. 1976-இல் ஆண்டர்சனும் அவரது சகாக்களும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்காக வகுத்த நெறிகளில், நிலப்பயன்பாட்டு வரைபடம் குறைந்தது 85 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும் என்றார்கள். இன்றும் பலர் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் நிம்மதி அடைகிறார்கள். மாற்றத்தைக் கணக்கிடும்போது அந்த நிம்மதி பொருந்தாது. இரண்டு வரைபடமும் தனித்தனியே 85 விழுக்காடு சரி என்றால், ஒரு சதுரம் இரண்டிலுமே சரியாக இருக்கும் வாய்ப்பு 0.85 பெருக்கல் 0.85, அதாவது 72 விழுக்காடு. உண்மையில் மாறியது நிலத்தில் எட்டு விழுக்காடுதான் என்றால், அந்த மாற்றம் பிழைக்குள்ளேயே புதைந்துபோகும். இதற்கு மருந்து உண்டு. வரைபடத்தில் சீட்டுப் போட்டதுபோலச் சில நூறு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நேரில் போயோ துல்லியமான படத்திலோ சரிபார்த்து, எந்த வகை எதனோடு எவ்வளவு குழம்பியது என்று அட்டவணை போட்டு, அதன்படி பரப்பளவைத் திருத்த வேண்டும். ஓர் ஆய்வறிக்கை உங்கள் கைக்கு வந்தால் வண்ணப்படத்துக்கு முன்னால் அந்த அட்டவணையைத் தேடுங்கள். 'காடு' என்ற பொதுப்பெயரில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, 'மானாவாரிப் பயிர்' வரிசையில் பாதிக்குப் பாதி தவறியிருக்கும் அறிக்கையால் மேட்டுக்காட்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

செயற்கைக்கோள் தயக்கமில்லாமல் காட்டுபவையும் உண்டு. மரமிருந்த இடம் வெறும் மண்ணானால் தெரியும். இந்த மலையில் பாக்சைட் வெட்டிய இடங்கள் அப்படிப்பட்டவை. காட்டுத்தீ கருக்கிய சரிவு, புதிய சாலை, கட்டட நெருக்கம், நிரம்பிய குளம், இவையும் தெரியும்.

சரி, இதிலிருந்து தண்ணீருக்கு எப்படிப் போவது? மரவள்ளியை இரண்டரை மூன்று அடி இடைவெளி விட்டு நடுகிறார்கள். இலை விரிந்து தரையை மூடச் சில மாதம் ஆகும். அதுவரை பெய்யும் மழை நேராக மண்ணில் அடிக்கிறது. கிழங்கைப் பிடுங்கும்போது மண் மறுபடி கிளறப்படுகிறது. நெருக்கமாகத் தெளித்த சாமை அந்த அளவுக்கு மண்ணை அவிழ்ப்பதில்லை. இதை எண்ணாக்க, மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், பயிர் மூடாக்கு, தடுப்புப் பணி ஆகிய ஐந்தையும் பெருக்கும் மண்ணரிப்புச் சமன்பாடு ஒன்று பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. மூடாக்கைச் செயற்கைக்கோள் தரும், சரிவை உயரத் தரவு தரும். ஆனால் சரிவின் குறுக்கே ஒரு விவசாயி கல் அடுக்கிக் கட்டிய வரப்பு பத்து மீட்டர் சதுரத்தில் தெரியாது. அது சிதைந்திருக்கிறதா, உறுதியாக நிற்கிறதா என்பதும் தெரியாது. மூடாக்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வரப்பை ஒழுங்காகப் பேணும் குடும்பத்தின் நிலமும் பேணாத நிலமும் மண்ணரிப்பு வரைபடத்தில் ஒரே அபாய நிறத்தில் விழும். பச்சை கூடினால் ஓடையில் தண்ணீரும் கூடும் என்று கொள்வதும் சரியல்ல. வேகமாக வளரும் மரங்கள் தாமே நிறையக் குடிக்கும். ஓடையில் ஓர் அளவுகோலை நட்டு, வாரம் ஒரு முறை நீரின் உயரத்தைக் குறித்து வைப்பதற்கு ஈடான செயற்கைக்கோள் இன்னும் வரவில்லை.

இந்த வரம்பைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்துக்கான விதிகளில் 2012-இல் செய்த திருத்தம், செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாக நிற்கலாம், அவற்றுக்கு மாற்றாகாது என்கிறது. நிழலில் மறைந்த ஒரு சிறு சாகுபடி படத்தில் இல்லை என்பதற்காக ஒரு பழங்குடிக் குடும்பத்தின் உரிமைக் கோரிக்கை தள்ளுபடியாகிவிடக் கூடாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். மலையில் வரைபடத்தோடு போகும் ஒவ்வோர் அதிகாரியும் ஆய்வாளரும் மனத்தில் வைக்க வேண்டிய விதி இது.

நீங்களே பார்க்க விரும்பினால் செலவில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கோபர்நிக்கஸ் தளத்தில் கொல்லிமலையைத் தேடி, 2019-லிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் மேகமில்லாத ஒரு சென்டினல்-2 படத்தைத் திறந்து தாவரக் குறியீட்டைப் போடுங்கள். எது தொடர்ந்து மாறுகிறது, எது மழையோடு ஏறி இறங்குகிறது என்று ஐந்தாறு ஆண்டுகளிலேயே பிடிபடும். பிறகு மாறியதாகத் தோன்றும் இடங்களைக் கைபேசியில் குறித்துக்கொண்டு தேவனூர் நாட்டுக்குப் போங்கள். அந்த நிலத்தில் உழுபவரிடம் மூன்று கேள்வி: இப்போது என்ன பயிர், பத்து வருடத்துக்கு முன்னால் என்ன பயிர், ஏன் மாற்றினீர்கள்? முதல் கேள்விக்கான பதில் உங்கள் வரைபடத்தைத் திருத்தும். இரண்டாவது, பழைய வரைபடத்தைத் திருத்தும். மூன்றாவதைக் குறிப்பேட்டில் விரிவாக எழுதிக்கொள்ளுங்கள். கிழங்கு விலையா, ஆள் பற்றாக்குறையா, சாமையைக் குத்தும் பாடா, பன்றித் தொல்லையா என்பது எந்த அலைவரிசையிலும் பதிவாவதில்லை. ஆனால் அந்த ஓடையின் தலைமாட்டில் சாமை மறுபடி வருமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.